பழகிப்போன கை

மருத்துவர்கள்மேல் போடும் வழக்குகளில் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்தபோது, பதினெட்டு வருடமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வழக்குக்குப் பயந்து டாக்டர்கள் தேவையில்லாமல் எழுதும் ஸ்கேன்கள் குறையும், நோயாளிகளுக்குச் செலவு மிச்சமாகும் என்று நம்பினாள். ஒரு வருடம் ஆகியும் வாசல் பெஞ்சில் ஓர் இடம்கூடக் காலியாகவில்லை.

ஒருநாள் தலைவலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டோடு ஒரு தையல்காரர் வந்தார். அவர் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி புத்தம்புதிதாக இருந்தது.

"எப்பண்ணே மாத்தினீங்க?"

"நாலு நாளாச்சும்மா. தலைவலியும் அன்னையிலேருந்துதான்."

உடனே டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "சட்டம்தான் வந்துடுச்சே சார், இன்னும் எதுக்குப் பயம்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பயம் போயிடுச்சும்மா, கைதான் எழுதியே பழகிடுச்சு. அவரைத் திரும்ப அனுப்புங்க, கண்ணைப் பார்ப்போம்."

கண்ணாடிக் கடைக்காரர் பவரை மாற்றிப் போட்டிருந்தார். மறுவாரம் தலைவலி போன சேதியைச் சொல்லத் தையல்காரர் அவளைத் தேடி வந்தார். அவள் அவரை நேராக டாக்டர் அறைக்கு அழைத்துப்போனாள்.

"இதை அவர்கிட்டயே சொல்லுங்கண்ணே, சத்தமா!"