தோட்டாக் கழுத்தின் கோணல்

ரைபிள் கிளப்பில் சுட்ட காலித் தோட்டாக்களை அச்சில் அழுத்தி, மீண்டும் நிரப்பிச் சுட எனக்கு உரிமம் உண்டு. அழுத்தினால் தோட்டாவின் கழுத்து கோணுகிறது, குறி தவறுகிறது.

கோணல் அச்சை என் தலையில் கட்டிவிட்டார் என்று கிளப் செயலாளரோடு மூன்று வருடமாகப் பேசுவதில்லை.

இன்று அச்சையும் அதைப் பொருத்தி அழுத்தும் பிரஸ்ஸையும் செம்பாக்கம் லேத் பட்டறைக்குத் தூக்கிப்போனேன். பட்டறைக்காரர் கோணலை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்.

"அச்சு நேராத்தான் கீது சார். அச்சு நடுவுல கீற உருண்டை தோட்டாக்குள்ள போய்ட்டு வெளிய வரும்போது கழுத்தைப் புடிச்சு இழுக்குது. கழுத்துக்கு உள்பக்கம் எண்ணெய் தடவுறீங்களா?"

"வெளிப்பக்கம் மட்டும்."

"இன்னா சார், படிச்சவரு நீங்க!"

உள்பக்கமும் தடவி ஒரு தோட்டாவை அழுத்தி, கேஜில் வைத்துச் சுற்றினோம். முள் அசையவே இல்லை; கழுத்து நேர்.

செயலாளரிடம் இனி என்ன பேசுவது? யோசனை சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்பவர்களை பிளாக் செய்துவிடுவேன்.