எருமையைக் கூரைமேல் வரவழைத்தவர்

கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் கணவரின் நண்பர்கள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். மூவரும் சிறுசேரியில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பகடைகளைக் கொட்டி, இருட்டும்வரை ஆடுவார்கள். தாயம்போலக் காய் நகர்த்துகிற ஆட்டம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதைப் பகடையும் தடித்த ஒரு விதிப் புத்தகமும் தீர்மானிக்கும்.

என் கணவர் எப்போதும் மந்திரவாதி. நெருப்பு, இடி எதுவும் அவருக்கு வேண்டாம். மிருகங்களை வரவழைக்கும் மந்திரம் மட்டும்தான். எலிகளை வரவழைத்துத் தொங்குபாலத்தின் கயிற்றைக் கடிக்கவிடுவார். காவலாளிகள் அண்ணாந்து பார்க்கட்டும் என்று கொக்குக் கூட்டத்தைப் பறக்கவிட்டு, கீழே கதவைத் திறந்துகொண்டு போவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சோபாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன். ஆடியதில்லை.

ஒரு நாள் எதிரியின் தலைக்கு மேலே, அந்தரத்தில் ஓர் எருமையை வரவழைப்பதாகச் சொன்னார். கதை நடத்தும் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தரத்துலல்லாம் வராது மச்சான். அது நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும். ரூல் அப்படித்தான்."

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். எதிரி எங்கே இருக்கிறான் என்று கேட்டார். குடிசைக்குள்ளே என்றார் நண்பர். "அப்போ கூரைமேல வரட்டும். கூரை ஒரு எடம்தானே?"

நண்பர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். கூரை இடிந்தது. நானும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். விதியை மீறி ஜெயிப்பதில் அவருக்கு ருசியே இல்லை. விதிக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவருக்கு ஆட்டம்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பிரஷ் கீழே கிடந்தது. என்ன என்று கேட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வந்தது, அது பேச்சாக இல்லை.

உயிர் தப்பிவிட்டது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வது அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது என்று டாக்டர் விளக்கினார். 'இல்ல', 'அதான்' என்று இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின. பேச்சுப் பயிற்சிக்கு வீட்டுக்கு வந்த பெண், அவருக்கு முன்பு பிடித்ததையே செய்யவையுங்கள் என்றாள். நண்பர்கள் வந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் முறை வரும்போதெல்லாம் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். சில வாரங்களில் ஒருவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனார். கதை நடத்துபவர் வருவது குறைந்தது.

காலாண்டு விடுமுறையில் விதிப் புத்தகத்தை நானே எடுத்து வாசித்தேன். வரவழைத்த மிருகம் ஒரு மணி நேரம்தான் நிற்கும். மந்திரவாதியின் கவனம் சிதறினால் உடனே மறைந்துவிடும். இப்படி எல்லாவற்றையும் பாடம்போலப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரை மேசையில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். ஆற்றில் வெள்ளம், அக்கரையில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்கு வாங்கிய மிருகப் பட அட்டைகளைப் பரப்பினேன். இடது கையால் யானையைத் தொட்டார்.

"யானை அக்கரையில வந்து நிக்குதுங்க. பெரியவரத் தூக்கிக்கிட்டு இறங்குது."

"இல்ல" என்றார்.

வேறு மிருகம் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றைக் கையால் பக்கம் பக்கமாகத் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார். மந்திரம் எவ்வளவு தூரம் எட்டும் என்று அதில் இருந்தது. நான் சொன்ன ஆறு அதைவிட அகலம். விதி அவருக்கு அப்படியே நினைவிருந்தது. யானையை இக்கரையில்தான் வரவழைக்க முடியும், நீந்தித்தான் போக வேண்டும்.  சந்தோஷம் தாங்காமல், கதை நடத்தும் நண்பருக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

அதன்பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே போயின. நான் தப்புச் செய்வேன், அவர் விரலை வைத்துக் காட்டுவார். ஒரு நாள் கோட்டை வாசலில் கதையை நிறுத்தி, எப்படி உள்ளே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். அட்டைகளைப் பார்த்தார், எதையும் எடுக்கவில்லை. அவர் முகத்தில் ஏதோ தோன்றியது. கூரையைப் பற்றிக் கேட்டபோது இருந்த அதே முகம்.

"அதான்... அதான்..."

பாம்பா என்றேன். இல்ல. குரங்கா, வௌவாலா, எறும்பா? இல்ல, இல்ல. புத்தகத்தை நீட்டினேன், அதிலும் இல்லை என்பதுபோலத் தள்ளிவிட்டார். பேனாவைக் கொடுத்தேன். இடது கையால் ஒரு கோடு போட்டார், அதிலிருந்து இன்னொரு கோடு. எனக்குத் தெரிந்த மிருகங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. பூச்சிகளைச் சொன்னேன், மீன்களைச் சொன்னேன். மேசையை ஓங்கி அடித்தார். பிறகு அழுதார்.

"பரவால்லங்க. உள்ள போயிட்டீங்கன்னு வெச்சுப்போம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே இப்போது நினைவிருக்குமா என்பதும் தெரியாது.

வர வேண்டிய முன்னேற்றம் வந்துவிட்டது, இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். பொங்கல் சமயத்தில் கதை நடத்தும் நண்பர் ஒருமுறை வந்தார். பழைய ஆட்டங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். என் கணவர் யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல மரியாதையாகப் புன்னகைத்தார். லிஃப்ட் வரை வழியனுப்பப் போனேன்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. என்னால இப்படிப் பாக்க முடியல" என்றார் நண்பர். நான் தப்பாக நினைக்கவில்லை. அதன்பிறகு அவர் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் தூங்குகிறார். எங்கள் தெருவில் மெட்ரோ வேலைக்காக லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. சத்தம் கேட்டு அவர் விழித்துவிடக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விழித்தால் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.