மச்சானைப் புகழ்ந்ததை மொழிபெயர்த்தவன்

வயிற்றெரிச்சல் என்பது வெறும் வார்த்தை இல்லை ஐயா. எனக்கு நிஜமாகவே எரிந்தது. அறுபதுகளில் சிதம்பரத்துக் கீழக் கோபுர வாசலில் நின்று, வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலுக்குக் காரணம் வெள்ளைக்காரர்கள் இல்லை. என் மச்சான். என் மனைவியின் சொந்த அண்ணன்.

வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலை பாசஞ்சரில் சிதம்பரம் போவேன், சாயங்காலம் திரும்புவேன். இண்டர்மீடியட் படித்தவன். எந்த மண்டபம் யார் காலத்தது, கோபுரத்தில் செதுக்கியிருக்கும் நாட்டியக் கரணங்களில் எதற்கு என்ன பெயர், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பேசும் இங்கிலீஷில் ஒரு பிழை வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மச்சான் பழைய கடலூர் துறைமுகத்தில் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கியவன். கரைக்கு வரும் கப்பல்காரர்களோடு பழகி இங்கிலீஷ் என்று எதையோ நாலு வார்த்தை பிடித்து வைத்திருந்தான். அதில் வினைச்சொல் இருந்தால் எழுவாய் இருக்காது. என்னைவிட மூத்தவன், மரியாதையாக ‘அவர்’ என்று எழுத வேண்டும்தான். எனக்கு இந்த வயதிலும் வரமாட்டேன் என்கிறது.

துறைமுகத்தில் வேலை குறைந்தபோது மனைவிதான் ஆரம்பித்தாள். “எங்கண்ணனையும் கூட இட்டுக்கினு போங்களேன். அவுங்களுக்குப் பேச்சு சாமர்த்தியம் ஜாஸ்தி.”

ஜாஸ்தியாம்! அவளுக்கு எல்லாமே அண்ணனிடம் ஜாஸ்திதான். குழம்பில் உப்பு கூடினால்கூட அண்ணன் இப்படித்தான் சாப்பிடுவார் என்பாள். தொல்லை தாங்காமல் அழைத்துப் போனேன். நானே, என் செலவில் டிக்கெட் எடுத்து அழைத்துப் போனேன்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். சன்னதிக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். அன்று வந்தவர் நல்ல பருமனான துரை. சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டுத் தொப்பியால் மார்பை மறைத்துக்கொண்டு நின்றார். ஆண்டவன் முன் அகங்காரத்தைக் களைவது பற்றி நான் அழகான இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் குறுக்கே வந்தான். தன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டான். தன் தொப்பையை ஒரு தட்டு, துரையின் தொப்பையை ஒரு தட்டு. “சேம் சேம் சார்!” என்றான். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நிமிஷம் துரையின் சட்டையும் மச்சானின் தோளில் கிடந்தது. அன்று முழுக்க அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் கோபுரத்துச் சிற்பத்தைப் பார்த்து, காலை எப்படி அவ்வளவு உயரம் தூக்குகிறார்கள் என்று கேட்டாள். நான் கரணத்தின் பெயரைச் சொல்லி அதன் இலக்கணத்துக்கு வந்துகொண்டிருந்தேன். இந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கியே காட்டினான். பாதியில் சுளுக்கிக்கொண்டு “ஐயோ அம்மா” என்று உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் பதறிப்போய் அவன் காலைப் பிடித்து நீவிவிட்டாள். நான் இலக்கணத்தைச் சொல்லி முடித்தேன். கேட்பதற்கு யாரும் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு டிராவல் கம்பெனிக்காரர் வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் கம்பெனிக் கார்களில் வரும் விருந்தாளிகளுக்குச் சிதம்பரத்தில் நிரந்தரமாக ஒரு கைடு வேண்டுமாம். ஒரே ஒருவர். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டி வந்திருந்தார். “இரண்டு பேரும் கூட வாருங்கள். விருந்தாளிகளுக்கு யாரைப் பிடிக்கிறது என்று பார்க்கிறேன்” என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். வெயிலில் நின்று ஆள் பிடிக்க வேண்டாம், மாதமானால் சம்பளம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் “எங்கண்ணன், எங்கண்ணன்” என்று பெருமையடிப்பாளே, அப்படி ஒரே ஒரு தடவை “எங்க வீட்டுக்காரரு” என்று அடிக்க வேண்டும். அதை நான் உள்ளே இருந்து கேட்க வேண்டும்.

அன்று நான் பேசினேன் பாருங்கள், அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைக் குளம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சிதம்பர ரகசியத்துக்கு வந்தோம். நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை. விலக்கினால் உள்ளே உருவம் கிடையாது, வெறும் வெளியில் பொன் வில்வ மாலை தொங்கும். ஆகாயமே அங்கே கடவுள் என்பதை நான் பஞ்சபூதத்திலிருந்து தொடங்கினேன். நிலம் முடிந்து, நீர் முடிந்து, நெருப்புக்கு வந்தபோது அந்த அம்மாள் மெல்ல மச்சான் பக்கம் சாய்ந்து, திரைக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள்.

“நத்திங் அம்மா,” என்றான் மச்சான். “ஆல் கம். சீ நத்திங். வெரி ஹேப்பி கோ.”

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியது. கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடப்பாவி! நான் ஆகாயத்துக்கு வர இன்னும் காற்று ஒன்றுதான் பாக்கி இருந்தது.

காரில் ஏறும்போது அந்த அம்மாள் மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினாள். அவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஏது? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் என்னிடம் திரும்பி, தான் சொன்னதைத் தமிழில் அவருக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கம்பெனிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்ய?

“இந்தியா பூரா சுத்திட்டோம், உன்ன மாதிரி கைடு எங்கேயும் பாக்கலன்னு சொல்றாங்க மச்சான். பெரிய பெரிய படிப்பாளிங்க சொல்லி வெளங்காதது நீ சொல்லி வெளங்கிச்சாம்.” ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன்.

மச்சான் நெளிந்தான். “அட, நீ வேற! எனக்கு இன்னா தெரியும், மூட்டை தூக்கினவன். எல்லாம் எங்க மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தது, அவுருதான் எனக்கு வாத்தியாருன்னு சொல்லு.”

இதை நான் இங்கிலீஷில் சொன்னேன். என் வாயால், என்னைப் பற்றி. அவர் தன் குரு என்று என்னைக் குறிப்பிடுகிறார் என்றேன். தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். கிழவர் என் தோளை ஆறுதலாகத் தட்டினார். கம்பெனிக்காரர் என்னைத் தனியே அழைத்து, அடுத்தவர் பேச்சில் தன் புகழைச் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம் இல்லை என்று தணிந்த குரலில் புத்தி சொன்னார். சத்தியம் செய்யாத குறையாக மறுத்தேன். தள்ளி நின்று பார்த்த மச்சானோ, நான் ஏதோ அவனுக்குச் சிபாரிசு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “எஸ் சார், எஸ் சார்” என்று தலையாட்டினான். வேலை அவனுக்கே போனது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “உங்கண்ணனுக்கு வேலை கெடச்சிடுச்சி” என்றேன். முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். என்ன மலர்ச்சி அந்த முகத்தில்! கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

“வெள்ளைக்காரங்க என்னா சொன்னாங்க?”

சொன்னேன்.

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

மறுபடியும் சொன்னேன். பிறகு, எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதல்லவா, “அதுக்கு உங்கண்ணன் என்னா சொன்னான் தெரியுமா? எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததாம். நான்தான் அவனுக்கு வாத்தியாராம்” என்றேன்.

அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. சந்தோஷமாக வேலியோரம் போனாள். பக்கத்து வீட்டுக்காரியை அவள் கூப்பிடுவது கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே நின்றேன்.

“கேட்டியாக்கா? அவ்ளோ பேரு எடுத்தும், எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் கெடைக்கலியேன்னு, அவரப் பத்தியும் நாலு வார்த்தை நல்லதா சொல்லி வுட்டுருக்காங்க எங்கண்ணன். எம்மாம் பெரிய மனசு பாரு!”