மணல் வழிக்கப் போய் வேலியைப் பிரித்தோம்

1. கார்த்திகை மாதத்துக் காற்று இரவிரவாக அடித்து விடியலில் ஓய்ந்தது. கடல் ஏறி வந்து கரை மணலை வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கைகளிலும் வீட்டு வளவுகளிலும் கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தது.
2. எங்களுக்கு இருக்க வீடு தந்த மனிதர் தன் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டப் போய் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.
3. பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும். ஒழுங்கையில் சைக்கிள்கூட உருட்ட முடியவில்லை.
4. அண்ணையும் நானும் எங்கள் உழவு மிசினைக் கொண்டுபோய் ஒழுங்கை மணலை வழித்தோம்.
5. வளவுக்குள் போகும் வாசல் படலை ஒடுக்கமாக இருந்தது. பக்கத்து வேலியைப் பிரிக்கச் சொன்னேன்.
6. அந்த வழியால் வெளியே வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. அன்று காலையும் என் தலைக்குள் இப்படித்தான் இருந்தது.

நாங்கள் அளவெட்டிப் பக்கத்துச் செம்மண் ஆட்கள். இடம்பெயர்ந்து கரைக்கு வந்தபோது அம்மா, அண்ணை, நான், கொஞ்சச் சட்டி பானை, இரண்டு சில்லு உழவு மிசின், அதன் பின்னால் பூட்டும் பெட்டி, இவ்வளவும்தான் எங்களோடு வந்தன. முன்பின் தெரியாத எங்களிடம், வெளிநாட்டில் இருக்கும் தன் தங்கையின் வீட்டுத் திறப்பைக் கேட்காமலே தந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். சொந்த வள்ளம் இருந்தும் ஆள் வைத்து விடாமல் தானே கடலுக்குப் போவார். இரண்டு நாள் கரையில் நின்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று அவருடைய மனைவி பகிடி பண்ணுவார். நாங்கள் அவரை மாமா என்றும் மனைவியை மாமி என்றும் கூப்பிட்டோம்.

கரையில் உழுவதற்கு நிலம் இல்லை. மிசின் கிடுகுக் கொட்டிலுக்குள் சும்மா நின்றது. முதல் மாரியில் மணல் படலைகளை அடைத்தபோதுதான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைதல் படித்தவள். பழைய தார்ப் பீப்பா ஒன்றை நெடுக்காக வெட்டுவித்து, உள்வளைவு முன்னால் பார்க்கும்படி மிசினின் முகத்தில் பூட்டுவதற்கு ஒரு படம் கீறினேன். ஊர்க் கொல்லர் அதைப் பார்த்துப் பூட்டித் தந்தார். சில்லுகளில் காற்றைப் பாதி இறக்கிவிட்டால் அவை மணலில் புதையா. பெற்றோலில் சில துளி விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அண்ணை ஓட்டுவார். நான் முன்னால் நடந்து, எந்தப் பக்கம் தள்ளுவது, எங்கே நிறுத்துவது என்று கையால் காட்டுவேன். ஒருவருடைய படலையை வழித்த மணலை அடுத்தவருடைய வேலியில் சாய்த்தால் சண்டை வரும். ஆகையால் எல்லாவற்றையும் கடற்கரை முனைக்கே தள்ளிக்கொண்டு போவோம்.

ஊருக்கு நாங்கள் ஒரு வேடிக்கை.

"செம்மண் ஆக்கள் கடல் மண்ணை உழுகினம். என்ன விதைக்கப் போறியள் தம்பி, சூடையோ சாளையோ?"

"முளைச்சால் உங்களுக்கும் ரெண்டு கண்டு தாறன்," என்பார் அண்ணை.

"தங்கச்சி கையைக் காட்டுறா, தமையன் ஓடுறார். உது நல்ல குடும்பம்."

எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. இதற்குள் எங்கள் பெயர் ஊரில் ஒரு வேலையோடு சேர்ந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையோடுதான் அன்று காலையும் போனேன்.

மாமாவின் ஒழுங்கையை வழித்து முடிப்பது கடினமாக இருக்கவில்லை. படலையில்தான் நின்றோம். மணல் படலையின் அரைவாசிக்கு ஏறியிருந்தது. அது உள்ளுக்குத்தான் திறக்கும், உள்ளேயும் மணல். முற்றம் முழுவதும் புதைமணல். அதில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தூக்குகிறவர்களின் கால் ஆளுக்கொரு பக்கம் புதையும், முறிந்த எலும்பு உரசும். பெட்டி வீட்டு வாசல்வரை போக வேண்டும். பெட்டிக்குள் மெத்தை விரித்து அவரை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். எங்கள் பீப்பாத் தகடு ஐந்தடி. படலை மூன்றரை அடி. படலைக்குப் பக்கத்தில் ஓலை வேலி கதியால் கம்புகளோடு இளகிப்போய் நின்றது. காரியம் சுலபம் என்று கணக்குப் போட்டேன்.

தூக்குவதற்கென்று வந்து நின்ற அயல் ஆண்களிடம், "உந்த வேலியைப் பிரியுங்கோ. ரெண்டு கதியால் கழட்டினால் காணும்," என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேலியையோ பிள்ளை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம். படலைக்குப் பக்கத்திலை."

"மாமியிட்டை ஒருக்கால் கேட்டியோ?"

"மாமி அவரோடை இருக்கிறா. கெதியாப் பிரியுங்கோ, நேரம் போகுது."

அவர் வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அவருக்கு என்ன சொல்ல இருந்தது என்று எனக்குப் பின்புதான் விளங்கியது. அதை அவரால் அந்த இடத்தில் சொல்லவும் முடியாது. உயிரோடு ஒருவர் உள்ளே கிடக்க, அவருடைய வாசலில் நின்று அந்தச் சொல்லை வாயால் எடுக்க யார் துணிவார்கள்? படித்த பிள்ளை சொல்லுது, காரணம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்திருப்பார்கள்.

வேலி பிரிந்தது. அண்ணை மிசினை முற்றத்துக்குள் திருப்பினார்.

அந்த நேரம் பார்த்து, கடற்கரையிலிருந்து பனையோலைக் கடகத்தோடு வந்த மீன் விற்கும் பெண் ஒழுங்கை முனையில் திரும்பினாள். பிரிந்த வேலியைக் கண்டாள். கடகம் தலையிலிருந்து மணலில் விழுந்தது. மாமாவின் வீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ரை அண்ணை! என்னோடை ஒரு சொல்லுக் கதையாமல் போட்டியளே! நேற்றுக்கூட விளைமீனுக்குச் சண்டை பிடிச்சியளே, என்ரை ராசா!"

எதிர்வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். மிசின் இரைச்சலுக்கும் மேலால் அந்த ஒப்பாரி கேட்டது.

உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"ஆரடி அது? நான் இன்னும் போகேல்லை! போறதெண்டால் உன்ரை விளைமீன் கணக்கைத் தீர்த்துப்போட்டுத்தான் போவன்!"

மீன்காரி அப்படியே மணலில் இருந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். ஆண்களும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் முதல் வேலையாக இளைஞர்கள் படலைப் பக்கத்து வேலியைப் பிரிப்பார்கள். பாடை படலையால் திரும்பாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். என் அப்பாவையும் அப்படிப் பிரித்த வேலியால்தான் கொண்டுபோனார்கள். நான் அந்த இடைவெளி வரைக்கும் பின்னால் நடந்து போனவள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஐந்தடி, மூன்றரை அடி என்று பார்த்துக்கொண்டு நின்ற தலைக்கு அது வரவில்லை.

மாமா விறாந்தையை ஒட்டிய அறையில் கட்டிலில் கிடந்தார். தன்னை நிமிர்த்தச் சொன்னார். மாமி முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினார். கதவால் பார்த்தால் பிரிந்த வேலியும் அதற்கு அப்பால் ஒழுங்கையும் நேராகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆர் பிரிக்கச் சொன்னது?"

அண்ணை மிசினை நிறுத்தினார்.

"நான்தான் மாமா," என்றேன். "பெட்டி வாசலுக்கு வரவேணும் எண்டு."

"நல்லது பிள்ளை. பறைமேளத்துக்கும் சொல்லியாச்சோ?"

அவர் சத்தம் போடவில்லை. எங்களோடு வழக்கமாகக் கதைக்கிற குரல்தான்.

"இல்லை மாமா, படலை மூண்டரை அடிதான். எங்கடை தகடு..."

"அளவு சரி. பாடை கட்டுறவையும் உந்த அளவுதான் எடுக்கிறவை."

மாமி இடையில் புகுந்தார். "பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுது. இப்ப அதை விடுங்கோ. கால் பழுதாகப் போகுது, ஏறுங்கோ."

"தெரியாமலோ? ஏன், அவையின்ரை ஊரிலை ஒருத்தரும் சாகிறேல்லையோ?"

அம்மா பின்னால் வந்து நின்றிருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. படுத்துக்கொண்டு போனால்தான் எலும்பு அசையாது."

"படுத்துக்கொண்டோ? பிரிச்ச வேலியாலை, படுத்த படுக்கையா, நாலு பேர் தூக்கி?" அவர் தலையை ஆட்டினார். "நான் வரமாட்டன். முதல் வேலியை அடையுங்கோ. படலையாலை வந்தவன் படலையாலைதான் போவன். அதுவும் கதிரையிலை இருந்துகொண்டு."

மாமி அழுதார், கும்பிட்டார், ஏசினார். "கால் போனால் கடல் போச்சு, அதையாவது யோசியுங்கோ," என்றார். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு நான் கை காட்டவில்லை. அண்ணை மிசினைப் பின்னால் எடுத்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆண்கள் கதியாலை மறுபடி நட்டு ஓலையை வைத்துக் கட்டினார்கள். அவிழ்க்க எடுத்த நேரத்தைவிடக் கட்ட எடுத்த நேரம் மிக அதிகம். மற்றவர்கள் படலையை மண்வெட்டியால் தோண்டினார்கள். மீன்காரி தன் கடகத்தால் மணலை அள்ளிக் கொட்டினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று கையால் அள்ளினேன்.

"உது உன்ரை குற்றம் இல்லையடி," என்று அவள் மெல்லச் சொன்னாள். "நான்தான் விசரி மாதிரிக் கத்திப்போட்டன்."

அவள் ஆறுதலாகச் சொன்னது எனக்கு இன்னும் கூசியது. வேலியைக் கண்டால் அழுவதுதான் முறை. அவள் முறைப்படிதான் செய்தாள்.

வெயில் ஏறிய பிறகு அவரைக் கொண்டுவந்தார்கள். சாய்மனைக் கதிரைகூட வேண்டாம் என்று, கைபிடி வைத்த நேர்க் கதிரையில் இருந்தார். முறிந்த காலை நீட்டி, அடியில் வள்ளத்துத் துடுப்பு ஒன்றை வைத்துச் சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள். நான்கு பேர் கதிரையைத் தூக்கினார்கள். படலையைத் தாண்டும்போது ஒழுங்கையில் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ, உசிரோடைதான் போறன்," என்றார். சிலர் சிரித்தார்கள். அவருடைய கீழுதடு கடித்த இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது.

பெட்டிக்குள்ளும் கதிரையிலேயே இருந்தார். மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். எங்கள் தகடு மணலை வழித்த இடமெல்லாம் அலை அலையாகத் தரையை விட்டிருந்தது. நடக்கிற காலுக்கு அது தெரியாது. பெட்டிச் சில்லுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு அலைக்கும் பெட்டி தூக்கிப் போட்டது, ஒவ்வொரு முறையும் அவர் கழுத்து நரம்பு எழும்பியது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. தார் றோட்டில் ஏறும்வரை நான் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆஸ்பத்திரியில், ஏன் இருத்திக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். "அவர் அப்பிடித்தான் வருவன் எண்டார்," என்று மாமி சொன்னார். வேலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எலும்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். காலில் பாரம் தொங்கவிட்டுக் கன நாள் படுக்க வைத்தார்கள்.

அம்மா ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்றால், "நீ பொறு. அந்த மனிசன்ரை முகத்திலை நான் முழிக்கிறதே பெரிய காரியம்," என்பார். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் போனேன். கட்டில் கால்மாட்டில் கயிறும் பாரமும் தொங்கின. அவர் பக்கத்துக் கட்டில்காரரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா பிள்ளை. சாப்பிட்டியோ?" என்றார். நான் தலையாட்டினேன். சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று சொல்லி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க ஒரு வசனத்தை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். நடந்ததைத் திரும்ப அவர் காதில் போடாமல் அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது நிலைமை இது. எலும்பு பொருந்திவிட்டது, வலது கால் மற்றதைவிடக் குட்டை. தடி ஊன்றிக் கரைவரை நடக்கிறார், வள்ளத்தில் ஏறுவதில்லை. அவருடைய மருமகன்தான் கடலுக்குப் போகிறான். வேலி பிரிக்காமல் இருந்திருந்தால், அவர் படுத்துப் போயிருந்தால், கால் நேராகப் பொருந்தியிருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் இன்னும் அவருடைய தங்கையின் வீட்டில் இருக்கிறோம். வீட்டை விட்டு எழும்பச் சொல்லி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்ற ஒழுங்கைகளுக்கு எங்களைக் கூப்பிடுகிறார்கள், போகிறோம். இந்த மாரியில் மாமாவின் படலையை மருமகன் மண்வெட்டியால் வெட்டித் திறந்தான். எங்களைக் கூப்பிடவில்லை.