நான் தைத்து மூடிய பொக்கற்றுகள்

இதை எழுத எனக்குப் பல வருசமாகத் துணிவு வரவில்லை. பேனாவை எடுப்பேன்... வைத்துவிடுவேன். வாரா வாரம் உங்களோடு குசினிக் கதை, கோயில் கதை எல்லாம் அளக்கிற எனக்கு, இந்த ஒன்றில் மட்டும் பயம். எழுதி, அதுவே அந்தப் பிள்ளைக்கு வினையாகிவிட்டால்?

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்தாள். "எழுது. பேரை மட்டும் மாத்து. நாளைக்கு ஆரோ ஒராள் றோட்டில அவனைக் கண்டு, பொலிசுக்குப் போன் எடுக்க முதல் ஒருக்கா யோசிச்சால் காணும்."

பேரை மாற்றிவிட்டேன். அவளை அச்சோல் என்று வையுங்கள், மகனை டெங் என்று.

அச்சோல் தென் சூடான்காரி. நாங்கள் குடியேறி இருக்கிற கிரான்பர்னில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவளும் நானும் உடைந்த இங்கிலீசில்தான் கதைப்போம். என் மகளும் டெங்கும் ஒரே பள்ளிக்கூடம். இரண்டு பேருக்கும் ஓட்டிசம். சத்தம் தாங்க மாட்டார்கள். பயந்தால் ஓடுவார்கள்.

ஒருமுறை என் மகள் ஷொப்பிங் சென்டருக்குள் ஓடித் தொலைந்து போனாள். ஒரு வெள்ளைக்கார அம்மா அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நான் வரும்வரை பக்கத்திலேயே இருந்தா. கர்த்தர் கிருபை என்று அச்சோலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உன்ர மகள் ஓடினால் ஜூஸ். என்ர மகன் ஓடினால் பொலிஸ்."

அப்போது டெங்குக்குப் பதின்மூன்று வயதுதான். ஆனால் உயரத்தைப் பார்த்தால் இருபது என்பார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்க்க மாட்டான். தெரியாதவன் கண்ணுக்கு அது திமிர்.

நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அச்சோல் ஒரு பெரிய பையோடு வந்தாள். டெங்கின் காற்சட்டைகள், ஜம்பர், ஜக்கெற்...

"எல்லாப் பொக்கற்றையும் மூடித் தை."

"ஏன்? என்ர மகள் மாதிரிக் கல்லு பொறுக்கிப் போடுறானோ?"

"இல்லை. பயந்தால் கையைப் பொக்கற்றுக்குள்ள விடுறான்."

விடுவான், கண்டிருக்கிறேன். உள்ளே ஒரு சின்னச் செபமாலை இருக்கும். அதை உருட்டினால்தான் அவனுக்கு மூச்சுச் சீராகும். அதில் என்ன பிழை?

"பொலிஸ் கையைக் காட்டு எண்டு கத்தும். இவன் கையை உள்ள விடுவான். உள்ள இருக்கிறது செபமாலை எண்டு அவைக்கு ஆர் சொல்லுறது?"

பிள்ளைக்குப் பொக்கற் வைத்துத் தைக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். மூடித் தைக்கக் கேட்ட தாயை அன்றுதான் கண்டேன்.

மூடித் தைத்தேன். ஆனால் அந்தக் கைக்கு மணி வேணுமே? கழுத்தில் போட்டால் அறுத்து எறிவான். கடைசியில் சட்டைக்கு வெளியே, நெஞ்சுப் பக்கமாக, ஒரு வளையம் தைத்துப் பத்து மணியைக் கோர்த்துவிட்டேன். அச்சோல் அவன் கையைப் பிடித்துப் பிடித்து நெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பழக்கினாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் மீட்டிங். டெங் கேற்றைத் தாண்டினால் உடனே பொலிசுக்கு அறிவிப்போம் என்பது அவர்கள் ஏற்பாடு. "தனியப் போனால் எனக்கு வாய் திறக்க வராது" என்றாள் அச்சோல். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பொலிசுக்குப் போன் அடிக்கிற அதே நேரம் எனக்கும் அடியுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன் என்றேன். சரி என்றார்கள்.

எங்கள் சனிக்கிழமைச் செபமாலைக் குழுவுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே குழுவில் இருந்த பிலோமினா அன்ரி குசினிக்குள் என்னை இழுத்தா.

"என்ன பிள்ளை, இந்தக் கறுவலை இங்க கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்?"

"நீங்கள் என்ன வெள்ளையோ அன்ரி?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்ரிக்குக் கோபம். ஆனால் டெங் அவ பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸை மட்டும்தான் தேடித் தேடிச் சாப்பிட்டான். எந்தச் சமையல்காரிக்கு அது பிடிக்காது?

நாங்கள் பயந்த நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்க, டெங் ஓடிவிட்டான். எனக்குப் போன் வந்தது. அச்சோல் வேலையில், அவளுடைய போன் லொக்கருக்குள். செபமாலைக் குழுவுக்குப் போனில் கத்தி ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டேன். "டெங் ஓடிட்டான், எல்லாரும் றோட்டுக்கு வாங்கோ!"

அவனுக்கு கராஜ் கதவு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பிடிக்கும். அதை நினைத்து ஓடினேன். பிலோமினா அன்ரியின் தெருவில், யாரோ ஒருவரின் கராஜுக்கு முன்னால் நின்றான். பொலிஸ் கார் எனக்கு முதலே வந்துவிட்டது.

இளம் பொலிஸ்காரன். ஒரு கை பெல்ட்டில். "கையைக் காட்டு!"

டெங்கின் வலது கை கீழே போனது. நேராகப் பொக்கற்றுக்கு.

மாதாவே... அவன் விரல்கள் துணியைச் சுரண்டின. வழியில்லை. திரும்பவும் சுரண்டின. நான் போட்ட இரட்டைத் தையல் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அந்தக் கை மெல்ல மேலே வந்து, நெஞ்சில் மணியைப் பிடித்தது.

அப்போதுதான் பிலோமினா அன்ரி வந்தா. வீட்டுச் செருப்பு, கை நிறைய ரோல்ஸில் பிரட்டுகிற ரஸ்க் தூள். "தம்பி டெங்! இங்க என்ன செய்யிறாய்? வா, ரோல்ஸ் பொரிக்கிறன்!"

"இவர் உங்களுக்கு யார்?" என்றான் பொலிஸ்காரன்.

"என்ர பிள்ளை!"

அவவைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். நம்பினானோ இல்லையோ, பெல்ட்டை விட்டுக் கை கீழே வந்தது. பாவம், அவனுக்கும் வேர்த்திருந்தது.

இடைவேளையில் போனைப் பார்த்து அச்சோல் ஓடி வந்தபோது டெங், பிலோமினா அன்ரி வீட்டில் இரண்டாவது ரோல்ஸில் இருந்தான். அவள் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் குனிந்து பொக்கற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

குழுவில் இதைப் புதுமை, அற்புதம் என்கிறார்கள். மாதா அந்த இடத்தில் நின்றா என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள், உள்ளபடியே சொல்லுங்கள். ஓட்டிசத்தைச் சொல்லி, கறுப்புப் பிள்ளை என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். கறுப்பைச் சொல்லி, ஓட்டிசத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். அந்தத் தாயின் பயம் இரண்டும் சேர்ந்தது. பொக்கற்றையும் சொல்லாமல் விடாதீர்கள்.

பிள்ளை இன்னும் வளர்கிறான். நேற்று இரண்டு புதுக் காற்சட்டை வந்திருக்கிறது, பொக்கற் திறந்தபடி.