பின்கதவுக் கண்ணாடியில் ஒரு முகம்

பான் குவெய்லியானைத் துணை மாவட்டத் தலைவராக ஏன் போட்டார்கள் என்று எங்கள் ஊரில் மண்டையைக் குடைந்துகொள்ளாதவர் இல்லை. மனுஷி காரியம் ஆக யாருக்கும் சிகரெட் நீட்டியதில்லை, விருந்தில் எவர் கிண்ணத்தையும் நிரப்பியதில்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், அவ்வளவுதான். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பெண், ஒரு படித்தவர், சிறுபான்மைத் தோங் இனத்தில் ஒருவர் வேண்டும் என்று மேலிடம் கேட்டிருக்கிறது. மூன்றையும் ஒரே ஆளில் முடித்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்!

பதவி வந்தும் பழைய பழக்கம் போகவில்லை. எங்கள் பள்ளிகளில் வகுப்பறையின் பின்கதவில் எட்டிப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்று பதித்திருக்கும். சத்தமில்லாமல் வந்து அதில் முகத்தை வைப்பது வகுப்பாசிரியரின் வேலை. முகம் தெரிந்த நொடியில் கதைப்புத்தகம் மேசைக்குள் ஓடும், முதுகுகள் நிமிரும். பான் டீச்சர் அதையே அலுவலகத்திலும் செய்தார். சீட்டாடிக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவன், “ஐயோ, நாற்பது வயசுலயும் இந்த மூஞ்சியப் பார்த்தா வயித்தக் கலக்குதே!” என்று அலறினானாம்.

காவ்தூன் மலைப்பள்ளிக்கு ஆய்வு வந்தபோதும் அப்படித்தான். இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளியை மூடி, இருப்பவர்களை டவுன் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். மாகாணத்திலிருந்து வந்த ஆய்வாளர் தெங்கை முன்வாசலில் பிள்ளைகளின் கைதட்டலோடு கிராமத் தலைவர் யாங் வரவேற்று, ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, வாயைத் திறக்க விடாமல் மலைப்பக்கத்து உபசாரமான எண்ணெய்த் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். தெங்கோடு வந்திருந்த டீச்சர் நைசாகப் பின்பக்கம் போனார்.

அறை நிறைந்திருந்தது. டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்தார். முன்வரிசைகள் விறைத்தன. கடைசி வரிசைப் பிள்ளைகளோ திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு சிறுமி கையைக் கூட ஆட்டினாள்.

பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளை அந்த முகத்துக்குக் கையாட்டும்? டீச்சருக்குப் பொறி தட்டியது. யாங்கைத் தனியே இழுத்தார்.

“யாரு பிள்ளைங்க இது? உண்மையச் சொல்லுங்க.”

யாங் தலையைச் சொறிந்தார். “ஆத்துக்கு அக்கரைப் பிள்ளைங்க, டீச்சர். இன்னிக்கு ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். சாயங்காலம் விட்டுடுவேன்.”

“அவங்கதான் டவுன் விடுதியில படிக்கிறாங்களே?”

“எங்க படிக்கிறாங்க! ஒரே வாரத்துல அழுதுகிட்டு ஓடி வந்துட்டாங்க. வாத்து மேய்க்கிறாங்க. அவங்க பள்ளிக்கூடத்தப் போன வருஷம் மூடினதே நீங்கதானே?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. பதவிக்கு வந்து அவர் போட்ட முதல் கையெழுத்து அது. எல்லாரும் விடுதியில் சேர்ந்தாயிற்று என்று கீழிருந்து வந்த தகவலை அப்படியே நம்பினார். அங்கே போய் ஒரு கண்ணாடியிலும் எட்டிப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டால் காவ்தூன் பிழைக்கும். அந்தச் சிறுமி சாயங்காலம் வாத்துகளிடம் போய்விடுவாள்.

அவர் நேரே போய்த் தெங்கைக் கூப்பிட்டுப் பின்கதவில் நிறுத்தினார். “கடைசி வரிசை இரவல், சார். ஒரு வருஷமா பள்ளிக்கூடத்தையே பார்க்காத பிள்ளைங்க. காரணம் நான்.”

“கெடுத்தீங்களே!” என்று யாங் தலையில் அடித்துக்கொண்டார்.

தெங் முகத்தைச் சுளித்தார். “அப்போ கணக்குப்படி இந்தப் பள்ளியையும் மூடணுமே?”

“இரவல் பிள்ளைங்கள இங்கேயே சேர்த்துட்டா மூட வேணாம். கணக்கு சரியாத்தான் வருது, சார்.”

“நடந்தத அப்படியே எழுதினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

“எழுதுங்க. யாரு வேணாம்னா?”

தெங் எழுதினார். டீச்சருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் மேலே மேலே போக, அவர் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். பிழைக்கத் தெரியாதவர் என்று ஊர் பேசியது. நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவர் மறுபடி காவ்தூன் போனார். அடிமேல் அடி வைத்துப் பின்பக்கம் சென்று கண்ணாடியில் முகத்தை வைத்தார். கடைசி வரிசையில் அதே சிறுமி. எதையோ மென்றுகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வெலவெலத்துப்போய் வாயிலிருந்ததை அப்படியே விழுங்கி, கையைக் கட்டி, முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பிள்ளை பயந்து நடுங்குது, உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?” என்றார் யாங். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.