விளக்கு நின்றால்தான் வெல்டிங்

வேலுமணி அண்ணன், மின்சாரத்துக்கு நிலக்கரி வெட்டும் சுரங்கத்தின் பட்டறையில் வெல்டராக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவர். வெல்டர் என்பது அடையாள அட்டையில் இருந்த சொல். பற்றவைத்ததெல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். அண்ணன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் குடு" என்பார். அதைச் சொல்லவும் ஒரு பர்மனென்ட் ஆள் வேண்டாமா? மந்தாரக்குப்பத்தில் நான் வெல்டிங் சாமான் கடை வைத்திருப்பதால் இப்படிப் பல பெரிய மனிதர்களின் கதை எனக்குத் தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா இருந்திருக்கலாம். மகள் ஹரிணியின் மாமனார் வெள்ளைச்சாமி வடலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். "வாசல் கேட்டு மட்டும் என் கையால செய்யறதுங்க சம்பந்தி" என்று அண்ணன் கல்யாணப் பந்தலிலேயே அறிவித்திருந்தார். வெள்ளைச்சாமி எதையும் மறக்காத ரகம். கேட் விழுந்தால் அதைப் பற்றிக் காலமெல்லாம் பேச்சு வாங்கப்போகிறவள் ஹரிணி. அண்ணனின் மனைவி தனபாக்கியம் அக்காவுக்கு இது அன்றே புரிந்துவிட்டது. அண்ணனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தவர், முன்கூடத்தையே பட்டறையாக்கினார். குச்சி வைத்துப் பற்றவைக்கும் பழைய மெஷின் கௌரவக் குறைச்சல் என்று, வயர் தானாக வெளியே வரும் மெஷினையும் கேஸ் சிலிண்டரையும் வாங்கினார். நானும் பாடம் சொன்னேன். துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். வயர் நுனி ஒரு விரல்கடை வெளியே இருக்க வேண்டும். வயர் வெளிவரும் கைப்பிடியான டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்து ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். வடைச்சட்டி மாதிரி சீராகச் சத்தம் வந்தால் சரி, படபடவென்று வெடித்தால் வயரின் வேகத்தை மாற்ற வேண்டும்.

குச்சி எரிய எரியக் குட்டையாகும், அதனால் கையும் கூடவே கீழே இறங்கும். வயருக்கு அது தேவையில்லை. ஆனால் அடுத்தவன் கையைப் பார்த்தே பழகிய அண்ணனின் கை இறங்கி இறங்கி இரும்பில் முட்டி நின்றது. முடிந்ததும் சுத்தியலை எடுத்துக் கசடு தட்டினார். இந்த மெஷினில் கசடு வராது. வராத கசடை அவ்வளவு சிரத்தையாகத் தட்டிய மனிதரை நான் பார்த்ததில்லை.

கை ஒருவழியாகப் படிந்தது. ஆனாலும் பற்றவைத்த இடமெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. வயர் மட்டம் என்றார், சிலிண்டர் மட்டம் என்றார், கடைசியில் நான் மட்டம் என்றார். கோபத்தோடு போய்ப் பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்கள் ஃபேனை அணைப்பதில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் எடுத்துக் கொடுப்பவர்களுக்கு சுவிட்ச் எதற்கு?

"அண்ணே, வெளிக்காத்து உள்ள பூராம இருக்கத்தான் கேஸ் வருது. நீங்க ஃபேன போட்டுகினு பத்த வெச்சா அது பறந்துபூடும்."

"சர்வீஸ் பூரா ஃபேனுக்கடியிலதானுங்க வேல பாத்தோம்."

வேலை பார்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. சிலிண்டர் வாங்குகிறவரிடம் அதெல்லாம் கேட்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை தனபாக்கியம் அக்கா பொறுக்க முடியாமல் கேட் சட்டத்துக்குப் பக்கத்தில் அம்மனுக்கு ஓர் அகல் ஏற்றினார். ஃபேன் காற்றில் சுடர் நிற்கவில்லை. அக்கா ஃபேனை அணைத்தார். வியர்வை ஒழுக அண்ணன் பற்றவைத்தார். ஓர் ஓட்டை இல்லை.

"பாத்தீங்களா, அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று அண்ணன் கடைக்கு வந்து சொன்னார். அதன்பின் விளக்கு எரியாமல் டார்ச்சைத் தொடுவதில்லை. நானும் விஞ்ஞானத்தை மூட்டை கட்டிவிட்டேன். என்னைவிட அம்மன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள் கேட் வடலூர் போனது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். தூணில் இருந்த கம்பியோடு கீலை அங்கேயே பற்றவைக்க வேண்டும். வெட்டவெளி, நல்ல காற்று. அகல் ஏற்ற ஏற்ற அணைந்தது. வெள்ளைச்சாமி உறவினர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நாலு பொட்டு பத்தவெச்சா முடிஞ்சுதுங்க சம்பந்தி. வெளக்குக்கும் கேட்டுக்கும் என்னங்க?"

ஹரிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளக்கு நிக்காம நான் பத்தவெக்க மாட்டனுங்க" என்றார் அண்ணன். அவர் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. பந்தல்காரரிடம் தார்ப்பாய் வாங்கி, தூணைச் சுற்றி மறைப்புக் கட்டினார். சுடர் நின்றது. உள்ளேயிருந்து வடைச்சட்டிச் சத்தம் சீராக வந்தது.

சூடு ஆறியதும் வெள்ளைச்சாமி கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று தன் முழு உடம்பையும் ஆட்டிப் பார்த்தார். அது சாதாரண உடம்பு இல்லை. கீல் அசையவில்லை. இறங்கி உள்ளே போனார்.

ஹரிணி மெல்லக் கேட்டாள்: "அப்பா, நெசமாவே நீங்கதான் பத்தவெச்சீங்களா?"

அண்ணன் கையை நீட்டினார். முழங்கை வரை பொறி சுட்ட புள்ளிகள். சர்வீஸ் முழுக்க ஒரு தழும்பு இல்லாமல் இருந்த கை அது. ஹரிணி அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேடிக்கை பார்க்கப் போனவனுக்கு இது தேவையா?